மூச்சு முட்டாமலும் ஆபத்து வரும்



கொரோனா இரண்டாம் அலை வீசிய 2021 மே மாதத்தில் நம்மில் பலர் வீட்டுக்கு ஓர் ஆக்சிமீட்டர் வாங்கினோம். விரலை அதற்குள் நுழைத்து, ஒளிரும் எண்ணைப் பார்த்துப் பார்த்தே இரவுகளைக் கழித்தோம். மருத்துவர்களையே திகைக்க வைத்த ஒரு காட்சி அந்த வாரங்களில் திரும்பத் திரும்ப நடந்தது. கருவி இரத்தத்தின் ஆக்சிஜன் அளவை எண்பது சதவீதத்துக்கும் கீழே காட்டும். அந்த எண்ணுக்கு உரியவரோ கட்டிலில் சாய்ந்தபடி வீட்டாரோடு போனில் பேசிக்கொண்டிருப்பார். "எனக்கு ஒண்ணும் பண்ணலை, மூச்சு நல்லாத்தான் வருது" என்பார். சில மணி நேரத்தில் நிலைமை கைமீறிவிடும். இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களிலேயே அப்படி ஒருவரை இழந்தவர்கள் இருக்கிறீர்கள். மூச்சுத் திணறலே இல்லாதபோது எப்படி இது நடந்தது என்ற கேள்வி, இன்றும் நமக்கு வரும் கடிதங்களில் இருக்கிறது.

இந்த இதழை நுரையீரலுக்காக ஒதுக்கியிருக்கிறோம். என் பக்கத்தை அந்த ஒரு கேள்விக்காக எடுத்துக்கொள்கிறேன். பதில் சொல்ல வேண்டுமானால், மூச்சு உள்ளே போகும் வழியில் நாமும் கொஞ்ச தூரம் போக வேண்டும். பொறுமையாகக் கூட வாருங்கள். இந்தப் பதில் கொரோனாவோடு முடிந்துவிடுவதில்லை.

காற்றை இழுப்பது நுரையீரல்தான் என்று நினைக்கிறோம். ஆனால் தானாக விரிவதற்கான தசை அதற்குக் கிடையாது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே கவிந்திருக்கும் உதரவிதானம்தான் அந்த உழைப்பைச் செய்கிறது. அது சுருங்கிக் கீழே இறங்கும்போது வயிறு லேசாக முன்னே தள்ளுகிறது. விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் மார்புக்கூட்டை மேலே தூக்குகின்றன. உள்ளே இடம் பெருகி அழுத்தம் குறைய, வெளிக்காற்று தானாக நுழைகிறது. நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய உறைகள், அவற்றுக்கு நடுவே சில மில்லி திரவம். மார்புச் சுவர் போகும் பக்கமெல்லாம் நுரையீரலும் பிரியாமல் போவது இதனால்தான். ஓய்வாக இருக்கும்போது மூச்சை வெளிவிட எந்த உழைப்பும் தேவையில்லை. தசை தளர்ந்தால் போதும், நுரையீரல் தன் மீள்தன்மையால் சுருங்கிக்கொள்ளும்.

எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி ஒன்று. உதரவிதானம் இருப்பது மார்புக்கு அடியில். அதை இயக்கும் நரம்பு புறப்படுவதோ கழுத்திலிருந்து. கருவில் அந்தத் தசை கழுத்துப் பக்கம் உருவாகத் தொடங்கிக் கீழே இறங்குகிறது. இறங்கும்போது நரம்பையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. விபத்தில் மார்பு மட்டத்தில் முதுகுத்தண்டு முறிந்தவருக்குக் கால்கள் செயலிழந்தாலும் மூச்சு ஓடுகிறது. அதே அடி கழுத்தின் மேல்பகுதியில் பட்டால் மூச்சே நின்றுபோகிறது. சாலையில் அடிபட்டுக் கிடப்பவரின் கழுத்தை அசைக்காமல் தூக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூக்கின் வேலையையும் நாம் குறைவாகவே மதிக்கிறோம். உள்ளே பக்கச் சுவர்களில் சுருண்டு நிற்கும் எலும்பு மடிப்புகள் காற்றை நேராகப் போகவிடாமல் அலைக்கழித்து, ஈரமும் சூடும் உள்ள சவ்வின்மேல் உரசவைத்து அனுப்புகின்றன. மார்கழி விடியலில் வாசலில் கோலம் போடுகிறவர் இழுக்கும் குளிர்க்காற்று, நெஞ்சுக்குள் இறங்குவதற்குள் ஏறக்குறைய உடம்பின் வெப்பத்துக்கு வந்துவிடுகிறது. பெரிய தூசி மூக்கு முடியிலும் சளியிலும் சிக்கிவிடும். அதையும் தாண்டிப் போனதை மூச்சுக்குழலின் சளிப்படலம் பிடித்துக்கொள்ளும். அங்கேயுள்ள நுண்ணிழைகள் நொடிக்குப் பத்துத் தடவைக்குமேல் அசைந்து, அந்தச் சளியை இரவும் பகலும் தொண்டையை நோக்கி மேலே தள்ளிக்கொண்டிருக்கும். வந்து சேர்வதை நாம் அறியாமலே விழுங்கிவிடுகிறோம். பீடி, சிகரெட் புகை முதலில் முடக்குவது இந்த இழைகளைத்தான். புகைபிடிப்பவர் காலையில் எழுந்ததும் இருமுவது, இரவெல்லாம் நகராமல் தேங்கிய சளியை வெளியேற்ற நெஞ்சு படும் பாடு.

தொண்டையில் சோற்றுப் பாதையும் காற்றுப் பாதையும் குறுக்கிடுகின்றன. ஒவ்வொரு கவளத்துக்கும் குரல்வளை மேலெழும்பி, அதன் மூடி கவிந்து, மூச்சு ஒரு கணம் நின்றாக வேண்டும். சாப்பிடும்போது பேசிச் சிரித்தால் அந்த ஒழுங்கு தவறிப் புரை ஏறுகிறது. யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லித் தலையில் தட்டுகிறோம். இருமிக்கொண்டிருக்கும்வரை அவரை இருமவிடுங்கள், அதுவே போதும். இருமலும் பேச்சும் வராமல் கழுத்தைப் பிடித்துக்கொண்டு தவித்தால்தான் அவசரம். சின்னக் குழந்தைகளுக்கு முழு வேர்க்கடலை கொடுக்கக் கூடாது என்று குழந்தை மருத்துவர்கள் கண்டிப்பதும் இந்தக் குறுக்குப் பாதையை நினைத்துத்தான். வலது மூச்சுக்கிளை இடதைவிட அகலம், செங்குத்தும் அதிகம். தவறி உள்ளே போன கடலை பெரும்பாலும் வலப்பக்கம்தான் போய்ச் சிக்குகிறது.

மூச்சுக்குழல் இரண்டாகப் பிரிகிறது. அந்த இரண்டும் இரண்டிரண்டாக, இப்படி ஏறக்குறைய 23 தடவை. முதல் 16 பிரிவுகள் காற்றைக் கொண்டுபோகும் வழி மட்டுமே. இரத்தத்தோடு அங்கே கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லை. அமைதியாக இருக்கும்போது ஒரு மூச்சுக்கு நாம் இழுப்பது சுமார் 500 மில்லி. அதில் 150 மில்லி அந்த வழியிலேயே நின்றுவிட்டு, பயன்படாமல் திரும்பிவிடுகிறது. மேலோட்டமாக, வேகவேகமாக மூச்சுவிடுபவர் சீக்கிரம் களைத்துப்போவது இதனால்தான். அவர் இழுப்பதில் பெரும்பங்கு வழியைத் தாண்டுவதேயில்லை.

மீதி 350 மில்லி போய்ச் சேரும் இடம் காற்று நுண்ணறைகள். ஒன்றின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும். வளர்ந்த ஒருவரின் இரண்டு நுரையீரல்களிலும் 30 கோடி இருக்கும் என்று நெடுநாள் கணக்கிட்டிருந்தார்கள். 2004இல் வெளியான ஓர் அளவீடு சராசரியாக 48 கோடி என்றது. எல்லாவற்றையும் பிரித்து விரித்தால் சுமார் 70 சதுர மீட்டர், நமக்குப் பழகிய கணக்கில் 750 சதுர அடி. அத்தனையும் இந்த விலாக்கூட்டுக்குள் மடங்கிக் கிடக்கிறது.

ஒவ்வொரு நுண்ணறையையும் தந்துகிகள் பின்னிச் சூழ்ந்திருக்கின்றன. இரத்தம் உடம்பைச் சுற்றி வருகிறது என்று 1628இல் நிறுவிய வில்லியம் ஹார்வியால், தமனியிலிருந்து சிரைக்கு அது எந்த வழியாகப் போகிறது என்று காட்ட முடியவில்லை. அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1661இல், இத்தாலியின் மார்செல்லோ மால்பிகி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். ஹார்விக்குக் கிடைக்காத அந்த இணைப்பு அங்கே கண்ணெதிரே இருந்தது.

காற்றுக்கும் இரத்தத்துக்கும் நடுவிலுள்ள சுவரின் தடிமன், ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. கதவோ பம்போ அங்கே கிடையாது. எந்த வாயு எந்தப் பக்கம் மிகுதியோ, அங்கிருந்து குறைவான பக்கத்துக்கு அது ஊடுருவிப் போகிறது. ஆக்சிஜன் இரத்தத்துக்குள்ளும் கரியமில வாயு காற்றுக்குள்ளும் வருவது இப்படித்தான். ஒரு சிவப்பணு அந்தச் சுவரை ஒட்டி ஓடும் நேரம் முக்கால் நொடி. அதில் மூன்றில் ஒரு பங்கு நேரத்திலேயே அது ஆக்சிஜனால் நிரம்பிவிடுகிறது. மீதி நேரம் உடம்பின் கையிருப்பு. நாம் படியேறும்போது இரத்தம் விரைந்து ஓடினாலும் ஆக்சிஜன் குறையாமல் ஏறுவது இந்தக் கையிருப்பால்தான்.

இத்தனை சிறிய அறைகள் உள்ளே ஈரமாகவும் இருக்கின்றன என்பதில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. நனைந்த பாலித்தீன் பையின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டால் பிரிக்க எவ்வளவு பாடுபடுகிறோம்! நீரின் பரப்பு இழுவிசை செய்யும் வேலை அது. மூச்சு வெளியே போகும்போதெல்லாம் நுண்ணறைகளும் அப்படி ஒட்டி மூடிவிட வேண்டும். மூடாமல் காப்பது, சுவரிலுள்ள சில செல்கள் சுரக்கும் கொழுப்பும் புரதமும் கலந்த ஒரு படலம். நீரின் இழுவிசையை அது தளர்த்திவிடுகிறது. கருவிலுள்ள குழந்தைக்கு இந்தப் படலம் போதிய அளவு சேர்வது கடைசி வாரங்களில்தான். குறைமாதத்தில் பிறந்து மூச்சுக்குத் தவித்து இறந்த குழந்தைகளுக்கு இல்லாமல் போனது இதுதான் என்று அமெரிக்காவில் மேரி எல்லன் ஏவரியும் ஜெரே மீடும் 1959இல் காட்டினார்கள்.

காரணம் தெரிந்துவிட்டது, மருந்து இல்லை. 1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்தான். 39 மணி நேரம் உயிரோடிருந்து இதே குறையால் இறந்தான். நாட்டின் அதிபரான தகப்பனாலும் அன்று எதுவும் செய்ய முடியவில்லை. 1972இல் நியூசிலாந்தின் லிக்கின்ஸும் ஹோவியும், முன்கூட்டியே வலி கண்ட தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் வயிற்றிலுள்ள குழந்தையின் நுரையீரல் விரைந்து முதிர்கிறது என்று நிறுவினார்கள். 1980இல் ஜப்பானின் புஜிவாரா, மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த படலப்பொருளைக் குழந்தைகளின் மூச்சுக்குழலில் செலுத்திப் பிழைக்க வைத்தார். இன்று நம் ஊர் அரசு மருத்துவமனைகளிலும் அந்த ஸ்டீராய்டு ஊசி போடுகிறார்கள். அதைப் போட்டுக்கொண்டு குறைமாதப் பிள்ளையைக் கையில் வாங்கி வந்த அம்மாக்கள் நம் வாசகர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதினேன்.

இனி நம் கேள்விக்கு வருகிறேன்.

ஒரு நாளைக்கு ஏறக்குறைய 20,000 தடவை மூச்சு விடுகிறோம், தூக்கத்திலும்கூட. இதை நடத்துவது மூளையின் அடித்தண்டில் முகுளத்திலுள்ள நரம்பணுக்கள். நாமும் கொஞ்சம் தலையிடலாம். பேசவும் பாடவும் நாதஸ்வரம் வாசிக்கவும் முடிவது அந்தச் சலுகையால். ஆனால் அடக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் மூச்சு முட்டி, நம் விருப்பத்தைத் தள்ளிவிட்டு உடம்பே இழுத்துக்கொள்கிறது. அந்த முட்டல் ஆக்சிஜன் தீர்ந்ததன் அறிகுறி என்றுதான் நம்மில் பெரும்பாலோர் நம்புகிறோம். உண்மையில் அது கரியமில வாயு சேர்ந்துவிட்டதன் அறிகுறி.

ஆக்ஸ்போர்டில் ஜான் ஸ்காட் ஹால்டேனும் ஜான் பிரீஸ்ட்லியும் 1905இல் இதை நிறுவினார்கள். நுரையீரலின் ஆழத்திலுள்ள காற்றில் கரியமில வாயு இம்மியளவு கூடினாலே மூச்சின் அளவு பெருமளவு உயர்கிறது. ஆக்சிஜன் ஓரளவு குறைந்தாலோ உடம்பு ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஹால்டேன் தன் உடம்பிலேயே இத்தகைய சோதனைகளைச் செய்தவர். மூடிய அறைக்குள் உட்கார்ந்து, தான் விட்ட மூச்சையே திரும்ப இழுத்து, தனக்கு என்ன நேர்கிறது என்று குறித்துக்கொண்டவர்.

ஆக்சிஜனை அளக்கும் உறுப்பும் நமக்கு உண்டு. கழுத்தில், தலைக்குப் போகும் தமனி பிரியும் இடத்தில், அரிசியளவில் இருபுறமும் ஒவ்வொன்று. அவற்றின் வேலையைக் கண்டறிந்ததற்காக பெல்ஜியத்தின் கோர்னேய் ஹேமன்ஸுக்கு 1938ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் ஆக்சிஜன் கணிசமாகக் குறைந்த பிறகே அவை உரக்கக் குரல் கொடுக்கின்றன. மூச்சு வேகமெடுத்துக் கரியமில வாயு வெளியேறிவிட்டால் அந்தக் குரலும் அடங்கிப்போகிறது. உடம்பைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. தரையில் வாழும் உயிருக்கு, ஆக்சிஜன் குறையும்போது கரியமில வாயு கூடுவதுதான் வழக்கம். ஒன்றை அளந்தால் மற்றதையும் அளந்த மாதிரிதான். இரண்டும் தனித்தனியே பிரிந்து நடக்கும் இடங்களுக்கு மனிதன் பின்னாளில்தான் போய்ச் சேர்ந்தான்.

அப்படிப்பட்ட இடங்களில் ஒன்று வானம். 1875 ஏப்ரல் 15 அன்று பாரிசிலிருந்து 'செனித்' என்ற பலூனில் மூன்று பேர் ஏறினார்கள்: திசாந்தியே, குரோசே-ஸ்பினெல்லி, சிவெல். உயரே காற்று மெலிந்திருக்கும் என்று தெரிந்து ஆக்சிஜன் நிரப்பிய பைகளும் எடுத்துப் போனார்கள். தேவைப்படும்போது இழுத்துக்கொள்ளலாம் என்பது திட்டம். அந்தத் தேவையை உடம்பு அவர்களுக்குச் சொல்லவே இல்லை. வேகமாக மூச்சுவிட்டதில் கரியமில வாயு தாராளமாக வெளியேறிக்கொண்டிருந்தது, முட்டல் இல்லை. மாறாக இனம்புரியாத மகிழ்ச்சி வந்தது என்று திசாந்தியே பின்னர் எழுதினார். குழாயை எடுக்க நினைத்தபோது கை அசையவில்லை. பலூன் 8,000 மீட்டருக்கும் மேலே போய் இறங்கத் தொடங்கியது. அவர் கண்விழித்தபோது நண்பர்கள் இருவரும் இறந்துகிடந்தார்கள், ஆக்சிஜன் பைகளுக்குப் பக்கத்திலேயே. விமானத்தில் முகமூடி விழுந்தால் முதலில் உங்களுக்கு மாட்டிக்கொண்டு பிறகு குழந்தைக்கு மாட்டுங்கள் என்று சொல்கிறார்களே, அதன் பொருள் இதுதான். விமானம் பறக்கும் உயரத்தில் தெளிவோடு கையை அசைக்கக் கிடைக்கும் நேரம் ஒரு நிமிடத்துக்கும் குறைவு.

கொரோனாவில் நடந்ததும் இதனோடு சேர்ந்தது. நோய் நுரையீரலின் சில பகுதிகளைக் கெடுத்துவிடுகிறது. அங்கே போகும் இரத்தம் ஆக்சிஜன் பெறாமலே திரும்புகிறது. நல்ல பகுதிகள் கூடுதலாக உழைத்துக் கரியமில வாயுவை எல்லாருக்குமாகச் சேர்த்து வெளியேற்றிவிடும். ஆக்சிஜனை மட்டும் அப்படி எல்லாருக்குமாகச் சேர்த்து ஏற்ற முடியாது. அங்கே ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் முன்பே ஏறக்குறைய நிரம்பித்தான் இருக்கிறது. ஆகவே ஆக்சிஜன் சரிய, கரியமில வாயு இயல்பாகவே இருக்க, முட்டல் வரவில்லை. உங்கள் அப்பாவோ அண்ணனோ மூச்சு நன்றாக வருகிறது என்று சொன்னபோது, அவர் எதையும் மறைக்கவில்லை. உண்மையைத்தான் சொன்னார். பக்கத்திலிருந்தும் கவனிக்காமல் விட்டோமே என்று இன்றும் மனதுக்குள் அழுபவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும் என்றுதான் இந்தப் பக்கத்தைத் தொடங்கினேன்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். 1952 ஆகஸ்டில் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, பிளெக்டாம் மருத்துவமனையில் மூச்சுத்தசை செயலிழந்த முதல் 31 பேரில் 27 பேர் மூன்றே வாரத்தில் இறந்தார்கள். ஆக்சிஜன் கொடுத்தும் பலனில்லை. மயக்க மருத்துவர் பியோர்ன் இப்சன்தான் அவர்களைக் கொல்வது வெளியேறாமல் தேங்கும் கரியமில வாயு என்று கண்டுகொண்டார். சாகும் நிலையிலிருந்த ஒரு 12 வயதுச் சிறுமியின் கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, ரப்பர் பையைக் கையால் அமுக்கி அமுக்கி மூச்சு கொடுத்தார். அவள் பிழைத்தாள். பிறகு சுமார் 1,500 மாணவர்கள் மாதக்கணக்கில் முறைவைத்து நோயாளிகளின் பக்கத்தில் அமர்ந்து கையாலேயே மூச்சு கொடுத்தார்கள். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவு அந்தக் கூடங்களிலிருந்து பிறந்ததுதான். ஆக்சிஜன் உள்ளே வருவது ஒரு வேலை, கரியமில வாயு வெளியே போவது இன்னொரு வேலை என்று உலகுக்கு அழுத்தமாகக் காட்டியதும் அந்த ஆண்டுதான்.

நம் ஊருக்கு வருவோம். கோடை விடுமுறையில் கிணற்றிலும் ஆற்றிலும் பிள்ளைகள் தம் கட்டி முக்குளிப்பார்கள். யார் அதிக நேரம் அடியில் இருப்பது என்று போட்டி வேறு. கொஞ்சம் கெட்டிக்காரப் பையன், இறங்குமுன் நாலைந்து தடவை, பத்துத் தடவை வேகமாக மூச்சை இழுத்து இழுத்து விடுவான். அதிக ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டதாக அவன் நினைப்பு. உண்மையில் சேர்வது சொற்பம். அவன் செய்தது கரியமில வாயுவை வெளியேற்றியதுதான். அடியில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும்போது முட்டல் வராது, நீருக்குள்ளேயே மயங்கிவிடுவான். நன்றாக நீச்சல் தெரிந்த பிள்ளை எப்படி மூழ்கினான் என்று ஊரே திகைக்கும். பிள்ளைகளை நீச்சலுக்கு அனுப்புங்கள், கட்டாயம் அனுப்புங்கள். இறங்குமுன் வேகவேகமாக மூச்சு வாங்கக் கூடாது என்பதை மட்டும் காதில் போட்டு அனுப்புங்கள்.

ஊட்டி, கொடைக்கானல் குளிருக்கு அறைக்குள் கரியடுப்பை மூட்டிவிட்டுக் கதவடைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழாத செய்தியை அவ்வப்போது படிக்கிறோம். காற்றோட்டமில்லாத குளியலறையில் கேஸ் கீசர், மூடிய கடைக்குள் ஓடும் ஜெனரேட்டர் எல்லாம் இதே கதைதான். அரைகுறையாக எரியும் நெருப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. நிறமில்லை, மணமில்லை. கரியமில வாயு வழக்கம்போல் வெளியேறுவதால் முட்டலும் இல்லை. தலைவலி, குமட்டல், பிறகு தூக்கம். ஆக்சிமீட்டரையும் இங்கே நம்ப முடியாது. ஹீமோகுளோபின் எதைச் சுமந்திருக்கிறது என்று அந்தச் சாதாரணக் கருவிக்குப் பிரித்தறியத் தெரியாது, நல்ல எண்ணையே காட்டும். நிலக்கரிச் சுரங்க வெடிப்புகளில் இறந்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது வெடியல்ல, இந்த வாயுதான் என்று 1896இல் அறிக்கை கொடுத்தவர் மேலே சொன்ன அதே ஹால்டேன். சுரங்கத்துக்குள் கூண்டில் சிறு பறவையை எடுத்துப்போகும் வழக்கம் அவர் சொல்லி வந்தது. மனிதனுக்கு முன்னால் பறவை தள்ளாடிவிடும்.

கடைசியாக, எனக்கு மிகவும் வலிக்கும் இடம்.

கழிவுநீர்த் தொட்டியில் இறங்கியவர்கள் விஷவாயு தாக்கிப் பலி என்ற தலைப்பை நாம் எத்தனை தடவை படித்திருப்போம்! அந்தச் செய்திகளை இனி ஒரு விஷயத்துக்காகக் கவனித்துப் படியுங்கள். பல தடவை இறந்தவர் ஒருவராக இருப்பதில்லை. முதலில் ஒருவர் இறங்கி விழுகிறார். அவரைத் தூக்க இன்னொருவர் இறங்குகிறார். அடுத்து மூன்றாமவர். அண்ணன் தம்பி, அப்பா மகன் என்று ஒரே வீட்டில் இரண்டு மூன்று உயிர்கள் போயிருக்கின்றன. மேலே நிற்பவருக்கு எதுவும் தெரிவதில்லை. தனக்கு மூச்சு முட்டினால் ஏறிவிடலாம் என்று நம்பித்தான் இறங்குகிறார். அந்த நம்பிக்கைதான் அவரைக் கொல்கிறது.

மூடிக்கிடந்த தொட்டிக்குள் கிருமிகள் ஆக்சிஜனைத் தின்று தீர்த்திருக்கும். மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் சேர்ந்திருக்கும். ஆக்சிஜன் அறவே இல்லாத காற்றை இரண்டு மூன்று தடவை இழுத்தாலே போதும், இரத்தத்தில் இருந்த ஆக்சிஜனும் நுரையீரல் வழியே வெளியேறத் தொடங்கிவிடும். அந்த மெல்லிய சுவரில் கதவில்லை என்றேன் அல்லவா, எந்தப் பக்கம் குறைவோ அந்தப் பக்கம் போவதுதான் அதன் இயல்பு. ஹைட்ரஜன் சல்பைடு இன்னும் கொடியது. கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். மிகுந்துவிட்டால் மூக்கையே மரத்துப்போகச் செய்துவிடும், நாற்றம் நின்றுவிட்டது என்று ஆள் நினைப்பார். செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் இயக்கத்தையே அது நிறுத்துகிறது. பழைய கிணறுகளில் விளக்கை இறக்கிப் பார்க்கும் வழக்கம் நம் கிராமங்களில் உண்டு. ஆக்சிஜன் குறைவை அது ஓரளவு காட்டும், விஷவாயுவைக் காட்டாது. மீத்தேன் உள்ள தொட்டியில் தீயைக் காட்டுவது வெடிப்பில் முடியும். கசடைக் கிளறியதும் அடியில் அடைபட்டிருந்த வாயு கிளம்புவதால், மூடியைத் திறந்து வைத்துக் காத்திருந்தோம் என்பதும் பாதுகாப்பாகாது.

ஒருவர் உள்ளே விழுந்துவிட்டால் நீங்கள் இறங்காதீர்கள். யாரையும் இறங்கவிடாதீர்கள், அலறித் துடிக்கும் சொந்த அண்ணனானாலும் பிடித்து நிறுத்துங்கள். 101க்கும் 108க்கும் அழையுங்கள். தீயணைப்பு வீரர்கள் முதுகில் காற்றுச் சிலிண்டரோடு வருவார்கள். மூக்கில் துணி கட்டுவதாலோ சாதாரண முகக்கவசத்தாலோ பயனில்லை. அவை தூசியைத்தான் தடுக்கும், இல்லாத ஆக்சிஜனை உண்டாக்காது.

அதற்கு முன்னால் இன்னொன்று. பாதுகாப்பில்லாமல் மனிதரைத் தொட்டியிலும் சாக்கடையிலும் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. பணத்தின் அளவு கூடியிருக்கிறது, இறங்குவது நிற்கவில்லை. இறக்குபவர் யார் என்று பார்த்தால் பெரும்பாலும் நம்மைப் போன்ற ஒரு வீட்டுக்காரர், ஒரு கடைக்காரர், ஒரு குடியிருப்புச் சங்கம். உறிஞ்சும் லாரிக்கு ஆகும் செலவையும் காத்திருப்பையும் தவிர்க்க, தெரிந்த ஆள் ஒருவரைக் கூப்பிட்டு இறங்கச் சொல்கிறோம். அந்த ஆள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சமூகங்களிலிருந்தே வருகிறார் என்பதும் நம் எல்லாருக்கும் தெரியும். சென்னை ஐ.ஐ.டி.யில் ஹோமோசெப் என்ற இயந்திரத்தை இதற்கென்றே உருவாக்கியிருக்கிறார்கள். கேரளத்தில் பாண்டிகூட் என்ற இயந்திரம் வந்திருக்கிறது. மனிதர் இறங்கத்தான் வேண்டும் என்ற நிலை இன்று இல்லை.

உங்கள் வீட்டுத் தொட்டியை, உங்கள் அடுக்குமாடியின் தொட்டியை, உங்கள் தெருவின் சாக்கடையைக் கடைசியாக யார், எப்படிச் சுத்தம் செய்தார்கள் என்று விசாரித்து எங்களுக்கு எழுதுங்கள். லாரி கிடைக்காத ஊரானால் ஊரின் பெயரைக் குறிப்பிடுங்கள். எந்த அலுவலகத்தில் கேட்டீர்கள், என்ன பதில் சொன்னார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த இதழிலிருந்து இந்தக் கடிதங்களுக்கென்று இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்